வாசலில் நின்ற பிள்ளையார்

மேசன் அமிர்தநாயகம் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். இந்திய அகதி முகாமிலிருந்து சுவர் பூசும் சாந்தகப்பை ஒன்றோடு மன்னாருக்குத் திரும்பி வந்தவர். தோட்டவெளி தொட்டு வங்காலை வரைக்கும் அவர் கட்டிய சுவரில் வெடிப்பு இருக்கிறது என்று சொல்ல இனித்தான் ஒருவன் பிறந்து வரவேண்டும். என்ஜினியர் கீறிய படத்தையே பிழை என்று சொல்லித் திருத்த வைத்த மனிசன்!

ஊர்ப் பிள்ளையார் கோயில் மண்டபமும் அவர் கைவேலைதான். கும்பாபிஷேகத்துக்கு முதல்நாள் வரை மூலஸ்தானத்துக்குள்ளேயே நின்று பூசினார். கும்பத்துத் தண்ணீர் விழுந்த நாளிலிருந்து அவர் சாதிக்கு இடம் வாசலுக்கு வெளியே.

"அது வழமை" என்றார் கோயில் சபைத் தலைவர் அருட்பிரகாசம்.

ஐந்து வெள்ளிக்கிழமையாக, பூசை நேரத்தில், அமிர்தநாயகமும் அவர் தெருச் சனம் நாற்பது பேரும் வாசலுக்கு முன்னால் மணலில் இருந்தார்கள். சத்தமில்லை, பதாகையில்லை. மடியில் அர்ச்சனைத் தட்டு. உள்ளே விட்டால் அர்ச்சனை. விடாவிட்டால் தேங்காய் உடையாமல் வீட்டுக்குத் திரும்பும். இந்தத் திட்டம் யார் மூளையில் உதித்தது என்று சொல்லவும் வேண்டுமா?

ஆறாம் வெள்ளி மேளம் வாசலுக்கு வந்தது. பின்னாலேயே நான்கு பேர் தோளில் பிள்ளையார் வந்தார். அவர்களுக்கு நேரே நிறுத்தினார்கள்.

"நாயகம், பாரும்" என்றார் அருட்பிரகாசம். "உங்களைத் தேடிச் சுவாமியே வெளிக்கிட்டு வந்திட்டார். இனி என்ன குறை? எல்லாரும் கும்பிட்டிட்டு வீட்டை போங்கோ."

அமிர்தநாயகம் கணக்குப் போட்டுப் பார்த்தார். கும்பிட்டால் உள்ளே போகிற கதை அதோடு முடிந்தது. கும்பிடாவிட்டால் வாசலுக்கு வந்த பிள்ளையாரை அவமதித்தவர் ஆவார்.

மனைவி றஞ்சிதம் கையைத் தலைக்கு மேல் கூப்பியபடி எழும்பிவிட்டாள்.

"என்னப்பா, கல்லுமாதிரி இருக்கிறியள்? எழும்புங்கோ!"

"கும்பிட்டாத் தோத்துப் போவமடி."

"பிள்ளையாரிட்டத் தோக்கிறதில என்ன வெக்கம்?"

அவரும் எழும்பினார். ஐயர் தீபம் காட்டினார். மேளம் திரும்பியது, சுவாமியும் திரும்பினார். எந்த ஊர்வலத்திலும் சுவாமி திரும்பினால் கும்பிட்ட சனம் பின்னால் போகும். றஞ்சிதமும் போனாள். அவள் பின்னால் நாற்பது பேரும் போனார்கள்.

தூக்கினவர்கள் படியில் ஏறும்போதே அருட்பிரகாசம் வாசலில் கையை விரித்து எல்லாரையும் மறித்தார். "எங்க வாறியள்?"

"சுவாமிக்குப் பின்னால" என்றாள் றஞ்சிதம். "வந்து கூட்டிக்கொண்டு போறார். நாங்கள் என்ன செய்ய?"

சுவாமியைத் தூக்கி நின்ற ஒருவன் கத்தினான்: "தலைவர், போறதோ நிக்கிறதோ? தோள் கழலுது!"

அருட்பிரகாசம் ஐயரைப் பார்த்தார். ஐயர் நிலத்தைப் பார்த்தார். "சுவாமியைப் படியில கனநேரம் நிப்பாட்டக் கூடாது."

"சரி, சுவாமியை உள்ள கொண்டு போங்கோ" என்றார் தலைவர். அவ்வளவுதான். சனத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. விரித்த கை மட்டும் மெல்ல இறங்கியது.

அமிர்தநாயகம் படியைத் தாண்டினார். யாரும் வா என்று சொல்லவுமில்லை, போ என்று தள்ளவுமில்லை. எந்தப் பக்கம் நிற்பது என்றும் தெரியவில்லை. ஐயர் வந்து தட்டை வாங்கினார்.

"பேர், நட்சத்திரம்?"

"அமிர்தநாயகம்." நட்சத்திரத்தை இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. "ஐயா, இது இண்டைக்கு மட்டுமோ, இனி எப்பவுமோ?"

"நட்சத்திரம்?" என்றார் ஐயர் மறுபடியும்.