தமிழ் பேசக் கேட்டதற்குத் தண்டனை

ஓப்பநாயக்க என்ற ஊரில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறேன். வேலையிடத்தில் தமிழ் பேசக்கூடாது என்று மேற்பார்வையாளர் தடுத்தார். தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தோழி செல்வியும் நானும் சேர்ந்தே முகாமையாளரிடம் முறையிட்டோம்.

விசாரணையில் செல்வி சிங்களத்தில், "அப்படி யாரும் தடுக்கலைங்க சேர், இவதான் என்னையக் கூட்டிட்டு வந்தா" என்றாள். என்னை அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

மறுநாள் என்னை நூல் வெட்டும் வேலைக்குத் தள்ளினார்கள். என் மெஷினில் செல்வி உட்கார்ந்திருந்தாள்.

தொழிலாளர் முறைப்பாடுகளைக் கேட்கும் அரசாங்கத் தொழில் காரியாலயத்துக்குப் போய் அழுதேன். "முறைப்பாடு செஞ்சதுக்காகப் பழிவாங்கினா, அதையும் தனியா முறைப்பாடு செய்யலாம் தங்கச்சி" என்றார் அதிகாரி. செய்தேன். மெஷின் திரும்பக் கிடைத்தது.

இப்போது எதுவானாலும் துணை தேடாமல், நானே எழுத்தில் முறையிடுகிறேன். பஸ்ஸில் செல்வி இன்னும் எனக்கு இடம் பிடித்து வைக்கிறாள். நான் நின்றுகொண்டே வருகிறேன்.