இரண்டாவது மெழுகுக் கட்டி

நாற்பத்திரண்டு வயதில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவரை, சக ஆராய்ச்சி மாணவர்கள்கூட ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். இருபது வருடம் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவர். ‘தெரியாது’ என்று சொல்லிப் பழகாத வாய். எட்டு வார ஆராய்ச்சிக்கு வெளிநாடு வந்த முதல் நாளே அந்த வாய் அவரை மாட்டிவிட்டது.

வழிகாட்டியாக வாய்த்தவள் பத்து வயது இளைய தமிழ்ப்பெண். ஈரக் கையை ஆய்வகக் கோட்டில் துடைத்தபடி, “மைக்ரோடோம்ல வெட்டத் தெரியும்ல?” என்றாள்.

மெழுகில் பதித்த வேரை முடியைவிட மெல்லிசாகச் சீவும் இயந்திரம் அது. டீச்சர் அதைக் கரும்பலகையில் நூறு தடவை வரைந்து பாகம் குறித்திருக்கிறார். கல்லூரியில் நிஜமாகவே ஒன்று இருந்தது. கெட்டுப்போய்விடக் கூடாதென்று கண்ணாடி அலமாரியில் பூட்டியே இருந்தது.

“தெரியுமே” என்றார்.

ஊரிலிருந்து கொண்டுவந்தவை இரண்டே மெழுகுக் கட்டிகள். மூன்று வருடம் வளர்த்த செடியின் வேர். செடி இப்போது இல்லை. ஒன்று வேலைக்கு, ஒன்று கைகாவலுக்கு. செவ்வாய்க்கிழமை தனியாக உட்கார்ந்தார். கட்டியை மெல்ல நகர்த்தும் திருகு எது, சட்டென்று தள்ளும் திருகு எது என்று படம் சொல்லித் தரவில்லை. கட்டி பிளேடில் மோதி வேரோடு பிளந்தது. துண்டுகளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

அப்புறம் வழிகாட்டி நடைவழியில் எதிரே வந்தால் டீச்சர் கழிவறைக்குள் நுழைந்தார். ஒருநாள் வாசலிலேயே பிடித்துவிட்டாள். “எப்படிப் போகுது?”

“நல்லாப் போகுதும்மா.”

வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார்.

“சொல்லித் தொலையேன். தலையையா வாங்கிடுவா?” என்றார் கணவர்.

“திருப்பி அனுப்பிட்டா? காலேஜ்ல எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நிக்கிறதுங்க?”

பின்னாலிருந்து மகள் குரல் கொடுத்தாள். “தெரியலைன்னா கையைத் தூக்குன்னு என்னைத் திட்டுவியே, இப்ப நீ தூக்கும்மா!”

“போடி வாயாடி” என்று டீச்சர் போனை வைத்தார்.

திங்கட்கிழமை துண்டுகளை வழிகாட்டியின் மேசைமேல் வைத்தார். “பொய் சொல்லிட்டேன். எனக்கு இதை வரையத்தான் தெரியும்.”

அவள் சிரிக்கவில்லை. “இன்னொன்னு?”

“முழுசா இருக்கு.”

“குடுங்க.” வாங்கி இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். அவ்வளவுதான், மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தார் டீச்சர்.

“முதல் நாளே சொல்லியிருக்கலாம்ல? ஒரு வாரம் வீணாப் போச்சு” என்று முகத்தைச் சுளித்தவள், ஒரு டப்பாவை நகர்த்தினாள். “வெறும் மெழுகு. இதெல்லாத்தையும் நாசம் பண்ணிட்டு வாங்க.”

ஒன்பது நாள் நாசம் பண்ணினார். தோள் கடுத்தது. பத்தாம் நாள் வழிகாட்டி இழுப்பறையைத் திறந்தாள். “இப்பத் தெரியுமா?”

தொண்டைவரை வந்த ‘தெரியுமே’வை டீச்சர் விழுங்கினார். “பாதி தெரியும். பக்கத்துல நில்லும்மா.”

இயந்திரத்தின் சக்கரம் சுற்றியது. முதல் சீவல் கிழிந்தது. இரண்டாவதும் கிழிந்தது.

“கையை விறைக்காதீங்க” என்றாள் அவள், மூச்சுப் படும் தூரத்தில் நின்று.

மூன்றாவது கிழியாமல், சுருளாமல் வந்தது. டீச்சர் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான்காவது இன்னும் வர வேண்டியிருந்தது.