எந்த ‘ஹீ’ செத்தது?

1. முதலாளியின் யோசனை

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருக்கும் ஒரு தனியார் பள்ளியில் நான் ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்த வருடம், ஒன்பதாம் வகுப்புக்குப் புதிதாக ஒரு நாவல் வைத்தார்கள். பள்ளியின் கரஸ்பாண்டன்ட் ஒரு நூற்பாலையின் முதலாளி. பள்ளியிலும் எல்லோரும் அவரை முதலாளி என்றுதான் சொல்வோம்.

எனக்கு அப்போது புரொபேஷன். பெர்மனன்ட் ஆர்டர் கையில் வந்தால்தான் வேலை நிலைக்கும். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நாவல் நடத்தப் போகிறேன் என்றதும் அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: “கதை சொல்லுததுக்கா சம்பளம் தாராவ? பாத்துக்கோ, முழிச்சுக்கிட்டாவன்னா நிறுத்திருவாவ.”

புத்தகப் பார்சலில் வந்தது ஒரே ஒரு பிரதி. மாணவர்களுக்காகச் சுருக்கிய ஒல்லியான நாவல். குளிர்நாட்டுத் துறைமுக ஊர் ஒன்றில் மார்ட்டின் என்ற வயதான டாக்டர், காணாமல் போன தன் தம்பி எட்வினைத் தேடுகிறார். முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு முதலாளியிடம் போனேன்.

“நான் வாசிக்கிறேன் சார், பிள்ளைகள் கேட்கட்டும்” என்றேன்.

“ஒருத்தன் ஓட்ட, மத்தவனெல்லாம் வேடிக்கை பாத்தா அது மில்லா வாத்தியாரே? எல்லா ஸ்பிண்டிலும் ஒரே நேரத்துல சுத்தணும்.”

சொல்லிக்கொண்டே மேஜையில் கிடந்த கத்தியால் முதுகுப் பக்கம் கீறிப் புத்தகத்தைத் தாள் தாளாகப் பிரித்துவிட்டார். ஆளுக்கு ஒரு தாள். அவனவன் தாளை அவனவன் படித்து வகுப்பில் சொல்ல வேண்டும். “வாற சனிக்கிழமை நானே வந்து உக்காருவேன். முழுக்கதையும் வந்துட்டா ஒமக்கு ஆர்டர். வரலைன்னா பொறவு நான் வேற ஆளு பாத்துக்கிடுதேன்.”

தாள்கள் அன்றைக்கே பிள்ளைகளின் பைக்குள் போய்விட்டன. அதன் பிறகு முழுக்கதையும் தெரிந்த ஆள் அந்தப் பள்ளியில் ஒருவர்கூட இல்லை, என்னையும் சேர்த்து.

2. சனிக்கிழமை

அது புரட்டாசிச் சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குப் போகிறோம் என்று சில பிள்ளைகள் லீவு போட்டிருந்தார்கள். முதலாளி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நான் தாள் வரிசைப்படி எழுப்பினேன்.

பாதி வரை வண்டி ஓடியது. அவனவனுக்குத் தன் தாள்தான் கதை. டாக்டர் குடை வாங்கும் தாளை வைத்திருந்தவன், அது குடையைப் பற்றிய நாவல் என்றே சாதித்தான். அடுத்து ஜெபராஜ் எழுந்தான்.

“சார், எம் பக்கத்துல கேப்டன்னு ஒருத்தர் வாரார். டாக்டர் வீட்டுல அடுப்புப் பக்கத்துலயே படுத்திருக்கார். கறி தின்னுதார். பொறவும் தூங்குதார். வேலைன்னு ஒண்ணும் பாக்கல.”

“ரிட்டயர்டு ஆளா இருக்கும்” என்றார் முதலாளி.

அடுத்த தாள் கருப்பசாமியுடையது. அவன் வரவில்லை. அதற்கடுத்த தாள் மாரீஸ்வரியிடம். அவள் முழு வாக்கியமாக ஆங்கிலத்திலேயே வாசித்தாள். ‘ஹீ’ ஒரு பெண்ணின் மடியில் தலையை வைத்து, வாசலை ஒருமுறை பார்க்க, மூச்சு நின்றுவிட்டது. இதுதான் அதன் பொருள்.

“தமிழ்ல சொல்லும்மா” என்றார் முதலாளி.

மாரீஸ்வரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “சொல்ல முடியல சார். ‘ஹீ’ன்னுதான் போட்டிருக்கு. தம்பின்னா செத்தான்னு சொல்லணும், டாக்டர்னா செத்துப் போனார்னு சொல்லணும். எந்த ஹீன்னு தெரியாம எப்படி சார் சொல்ல?”

“பேரு போடலையா?”

“பேரு முந்தின தாள்ல இருக்கும் சார். எம் பக்கம் முழுக்க ஹீதான்.”

“தம்பியாத்தான் இருக்கும்” என்றான் ஒருவன். “ஏலே, தம்பி செத்துட்டா பொறவு எதுக்குலே இன்னும் இம்புட்டுத் தாள்?” என்று பின்னால் இருந்து ஒருவன் தன் தாளை ஆட்டினான். “டாக்டரு சாக மாட்டாரு, அவருதான் ஈரோ” என்றாள் ஒரு பெண். ஜெபராஜுக்குத் தன் கேப்டனைக் கொல்ல மனமில்லை. “அவர் நல்லாச் சாப்பிடுதார் சார், நல்ல ஆரோக்கியம்” என்று வாதாடினான்.

முதலாளி என்னைப் பார்த்தார். “வாத்தியாரே, ஆரு?”

“தெரியவில்லை சார்.”

ஆர்டர் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் ஆபீஸிலிருந்து நம்பரை வரவழைத்து, கருப்பசாமியின் அம்மாவுக்கே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

“ஸ்கூல்ல இருந்து பேசுதேம்மா. செத்தது ஆருன்னு ஒம்மவன்ட்ட கேட்டுச் சொல்லு.”

“ஐயய்யோ! ஆரு செத்தாவ?” அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஜன்னலில் தலைகள் முளைத்தன.

“அதத்தாம்மா நாங்களும் கேக்கோம்!”

“நீங்கதானய்யா போன் போட்டிய! ஸ்கூல்ல எந்தப் பிள்ளைக்கு என்னாச்சு?”

நான் குறுக்கே பாய்ந்து, பாடத்தில்தான் சாவு, ஊரில் இல்லை என்று விளக்கினேன். “பாடத்துல செத்ததுக்கா கோயிலுக்குப் போன் போடுதிய?” என்று கேட்டுவிட்டு மகனிடம் போனைக் கொடுத்தாள்.

“சார், மொட்டைக்கு உக்காந்திருக்கேன். பாதிதான் எடுத்திருக்கு.”

“தாள் எங்கலே?”

“கையிலதான் சார் கொண்டு வந்தேன். அம்மா அதுல துளசியை மடிச்சிட்டா.”

“துளசியை வேற எதுலயாவது போட்டுட்டு வாசி!” என்றார் முதலாளி.

தாள் பிரியும் சத்தம் கேட்டது. கருப்பசாமி எழுத்துக் கூட்டிக்கூட்டிக் கடைசி வரியை வாசித்தான். பிறகு சந்தேகத்தோடு தமிழில் சொன்னான்: “காலையில இருந்து கேப்டன் குரைக்கவே இல்லையாம் சார்.”

ஜெபராஜ் மெதுவாக உட்கார்ந்தான். “குரைக்கலையா?”

“நாயா!” என்றார் முதலாளி.

யாரும் சிரிக்கவில்லை. அவர் செல்லமாக வளர்க்கும் வெள்ளை ராஜபாளையம் நாய்கள் வீட்டில் நிற்பது எல்லோருக்கும் தெரியும். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போனில் கேட்டார், “அவனுக்கு என்ன நோவுன்னு போட்டிருக்கா?”

“இல்ல சார். தாள் ரெண்டு பக்கமும் பாத்துட்டேன். மிச்ச மொட்டைய எடுக்கட்டா?”

முதலாளி போனை வைத்துவிட்டு ஜெபராஜைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். பிறகு அதற்கு முந்தின தாள், அதற்கும் முந்தினது. நாய்க்கு எப்போது உடம்பு சரியில்லாமல் போனது என்று கண்டுபிடிக்க, வகுப்பு கதையைப் பின்பக்கமாகவே படித்துக்கொண்டு போனது. மணி அடித்தும் அவர் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் வாசல் வரை பின்னாலேயே போய்க் கேட்டேன், “சார், என் ஆர்டர்?”

“இருமய்யா. மொதல்ல அவன் கதைய ஒழுங்கா மொதல்ல இருந்து சொல்லும். பொறவு பாப்போம்.”

3. அதற்குப் பிறகு

அடுத்த வாரம் எல்லோருக்கும் முழுப் புத்தகம் வந்தது. நான் முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். ஆங்கில வகுப்பு இருக்கும் நாளெல்லாம் முதலாளி கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுவார். எனக்குப் பயம் விட்டுப்போகச் சில நாள் ஆனது. அவர் என்னைப் பார்க்க வரவில்லை என்பது மெல்லத்தான் புரிந்தது.

மாரீஸ்வரியின் பக்கத்தை நாங்கள் மறுபடி அடைந்த அன்றைக்கு மட்டும் கடைசி பெஞ்ச் காலியாக இருந்தது. வகுப்பு முடிகிற நேரத்தில் பியூன் ஒரு கவரோடு வந்தார். உள்ளே என் ஆர்டர் இருந்தது. “அந்தப் பக்கத்தப் படிச்சு முடிச்சிட்டாவளான்னு கேட்டுட்டுக் குடுக்கச் சொன்னாரு” என்றார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நாவலை ஆரம்பிக்கும் நாளில் கரும்பலகையில் ‘அவர்’, ‘அவன்’, ‘அவள்’, ‘அது’ என்று கட்டம் போடுங்கள். கதையில் வருகிற ஒவ்வொரு பெயரையும் பிள்ளைகளே எழுந்து வந்து எழுதட்டும். யாருக்கு ‘ர்’ போடுவது, யாருக்கு ‘ன்’ போடுவது என்று அவர்கள் சண்டை போடும்போதே பாதி நாவல் நடந்து முடிந்திருக்கும். நாயை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று மட்டும் நான் எந்த வகுப்பிலும் சொல்லிக் கொடுத்ததில்லை.