அகிலாண்டம் மாமி இடம் பார்க்கிறாள்

மூன்று மாதத்தில் பதினோரு இடம். அறுபது தாண்டியவர்கள் மட்டும் குடியிருக்கிற, நீச்சல் குளமும் நடைபாதையும் டாக்டரும் உள்ளேயே இருக்கிற குடியிருப்பு மும்பையைச் சுற்றி எங்கே இருந்தாலும் அகிலாண்டம் மாமி போய்ப் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் என்னை இழுத்துக்கொண்டு. நான் விஜயலட்சுமி. ஃபோர்ட்டில் இரண்டு பேருக்கும் ஒரே இன்சூரன்ஸ் ஆபீஸ். மாமி ரிடையர் ஆகி ஆறு வருஷமாகிறது, எனக்கு இன்னும் ஏழு வருஷம் பாக்கி. என்னை எதற்கு இந்த வயதில் முதியோர் ஜிம்மைப் பார்க்க வைக்கிறாள் என்று எரிச்சலாக வரும். ஆனாலும் போவேன்.

செம்பூரில் மாமி வாடகைக்கு இருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் புனேயில் மகன் வெங்கடேஷ் வீடு. அவன் அறையைத் தயார் செய்து திரைச்சீலைகூட மாட்டிவிட்டான். மாமிக்கு அதுதான் பயம்.

"மாட்டுப்பொண் தங்கமானவதான். ஆனா பால் காய்ச்சக்கூட விடமாட்டேங்கறா. வாசலுக்குப் போனா யாராவது கூட வரா. அங்க போனா நான் விருந்தாளிடி. சாகற வரைக்கும் விருந்தாளியா இருக்க முடியுமா, சொல்லு!"

முடியாதுதான். ஆனால் இவளுக்கு ஓர் இடமாவது பிடிக்க வேண்டாமா? பத்லாபூரில் ஒரே நிசப்தமாம். தளேகாவில் ஓயாத பஜனையாம். பன்வேலில் சுற்றுச்சுவர் ஜெயில் மாதிரி உயரமாம். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு வருவாள். குழாயைத் திறப்பாள், சமையல் மேடையைச் சாண் போட்டு அளப்பாள், டீ வருவதற்குள் கிளம்பிவிடுவாள். நாற்காலியில் அவள் முதுகு சாய்ந்து நான் பார்த்ததில்லை. மாதக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தபோது, இது பன்னிரண்டாவது, இதற்கு மேல் நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் நேரலுக்கு ரயில் ஏறினேன்.

நேரல் மாமியை வாயடைக்க வைத்தது. முன்வரிசையில் தரைத்தள வீடுகள், ஒவ்வொன்றுக்கும் வாசலில் நாலு செடி, ஒரு சின்ன வராண்டா. ஸ்டேஷன் கூப்பிடு தூரம். குழாயைக்கூடத் திறந்து பார்க்காமல், "இதுதான்டி" என்றாள்.

வீடு காட்டிய ஷைஸ்தா என்ற பெண் தயங்கினாள். முன்வரிசையில் எல்லா வீட்டிலும் ஆள் இருக்கிறார்கள். புதுக் கட்டடம் முடிய இரண்டு வருஷமாகும். இப்போதைக்கு வாடகைக்கு ஒரே ஓர் அறை, பின்பக்கம், மெஸ் சமையலறைக்கு மேலே. போய்ப் பார்த்தோம். ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டி. மாமி ஒரே நிமிஷத்தில் வெளியே வந்து, "இதுக்குப் பூனாவே தேவலை" என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது.

பிறகு விறுவிறுவென்று முன்வரிசைக்கு நடந்தாள். பதினாலாம் நம்பர் வராண்டாவில் ஓர் அம்மாள் போனில் உரக்கத் தமிழ் பேசிக்கொண்டிருந்தாள். எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும், தலையில் முக்காடு.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் லோக்கல் ரயிலின் லேடீஸ் பெட்டியில் ஏறியதும் யாரும் சும்மா நிற்கமாட்டோம். உட்கார்ந்திருப்பவளிடம் போய், எங்கே இறங்குவாய் என்று கேட்டுவிடுவோம். அவள் பதில் சொல்லிவிட்டால் அந்த இடம் நமக்கு. வேறு யாரும் உரிமை கொண்டாட முடியாது. மாமி முப்பத்தாறு வருஷம் அப்படிக் கேட்டவள்.

அம்மாள் போனை வைத்ததும் மாமி அவள் முழங்கால் இடிக்கிற அளவுக்கு நெருங்கி நின்றாள். "நீங்க எப்போ காலி பண்றேள்? எனக்குத்தான் முதல்ல சொல்லணும். வேற யார்கிட்டயும் வாக்கு குடுத்துடாதேள்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த மாதிரி இடத்திலிருந்து யார் காலி செய்துகொண்டு போகிறார்கள்? போனால் ஒரே போக்குதானே. அந்த அம்மாள் மாமியையே பார்த்தாள். சொன்னது என்ன என்பது அப்போதுதான் மாமிக்கு உறைத்தது போலிருக்கிறது, முகம் வெளிறிவிட்டது.

"ஐயோ... ரயில்ல கேட்டுக் கேட்டு... மன்னிச்சுடுங்கோ."

"எந்த லைனு?"

"ஹார்பர். செம்பூர்."

அம்மாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணில் நீர் வந்தும் நிற்கவில்லை. "நானும் அதே லைனுதான், வடாலால ஏறுனவ. என் பேரு நஜ்முன்னிசா. எங்க வீட்டுக்காரரு மவுத்தாகி எட்டு மாசம் ஆச்சு. வாரவுக எல்லாம் எப்படி இருக்கியன்னு மெதுவா, கொரலத் தாழ்த்திக் கேக்காக. கேட்டுக் கேட்டே என்னைப் பாதி சாவடிச்சிட்டாக. இன்னைக்குத்தான் ஒருத்தி மனுசி மாதிரி கேட்டிருக்கா. உக்காருங்க."

மாமி உட்கார்ந்தாள். முதுகு சாய்த்து உட்கார்ந்தாள். டீ வந்தது, குடித்தாள். குர்லாவில் கூட்டம் அதிகமா வடாலாவில் அதிகமா என்று இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். அந்த அம்மாள் சிரித்ததைவிட மாமி அதிகம் சிரித்தாள். நான் இரண்டு ரயிலை விட்டேன்.

எழுந்ததும் மாமி நேராக ஆபீசுக்குப் போய்ப் பின்பக்க அறையைக் கேட்டாள். ஷைஸ்தா குழம்பிப் போய், அது உங்களுக்குப் பிடிக்கவில்லையே என்று ஹிந்தியில் இழுத்தாள்.

"பசந்த் நஹீ ஹை. சாபி தோ" என்று, பிடிக்காவிட்டாலும் சாவியைக் கொடு என்கிற மாதிரி கையை நீட்டினாள் மாமி. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஸ்டேஷனில் வெங்கடேஷுக்கு போன் செய்து, முன்வரிசையில் காலி இல்லை, பின்பக்க அறையை எடுத்துவிட்டேன் என்றாள். காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள்.

"ரூம் எப்படிம்மா இருக்கு?"

"மகா மட்டம். வெளிச்சமே இல்லை."

"அப்புறம் ஏம்மா அதை எடுத்தே? நல்ல வீடு காலியாகற வரைக்கும் இங்க வந்து இரேன்."

மாமி பையிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவள் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன்.

"நல்ல வீட்டில ஒருத்தி இருக்காடா," என்றாள். "அது காலியாகவே வேண்டாம்."