மணி அடித்தும் வெளியே வராத பதினாறு பிள்ளைகள்

பதினைந்து நாள் கெடு. அதற்குள் பிள்ளைகள் அபாய மணி கேட்டதும் வரிசையாக வெளியே வந்து நிற்கப் பழக வேண்டும். இல்லாவிட்டால் பள்ளியை மூட வேண்டும். பள்ளி அங்கீகாரத்துக்காக ஆய்வுக்கு வந்த அதிகாரி மேடம் இதை நீல மையில் எழுதி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கார்த்திகை பிறந்த முதல் வாரம் அது. அன்று ஓசூர் பஸ்ஸில் அழுதுகொண்டேதான் வீடு வந்தேன். மகளிர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்த கண்டக்டர், "என்னம்மா, யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முருகனை நம்பி வாழும் என் உறவுகளே, நடந்ததை நடந்தபடி உங்களிடம் சொல்கிறேன். இதில் என் பெருமை ஒன்றுமில்லை. என் தப்புதான் நிறைய இருக்கிறது.

நான் தூத்துக்குடிப் பக்கம் பிறந்தவள். கணவருக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை கிடைத்து இங்கே வந்தோம். ஆசிரியர் பயிற்சி முடித்தவள் என்பதால், ஒரு சிறிய அறக்கட்டளை சானமாவு காட்டோரத்தில் நடத்தும் மழலையர் பள்ளியில் சேர்ந்தேன். இருளர் பிள்ளைகளுக்கான பள்ளி. முன்பு பட்டுப்புழு வளர்த்த கொட்டகை அது. ஒரே கூடம், பின்னால் சமையல் கட்டு, முன்னால் சின்னத் தாழ்வாரம், அவ்வளவுதான். பதினாறு பிள்ளைகள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் சமைக்கவும் மாரியம்மா என்ற ஆயா. அவளும் இருளர்தான், அதே குடியிருப்பு.

பள்ளி மூடினால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். நாலு வயது காவேரியின் வலது காலில் முழங்கால் வரை ஒரு தழும்பு இருக்கிறது. பள்ளிக்கு வருமுன், அவள் அம்மா கல்குவாரியில் வேலை செய்யும்போது பக்கத்திலேயே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை. உருண்டு வந்த கல் ஒன்று காலைக் கிழித்துவிட்டது. அங்கன்வாடி இருப்பதோ நாலு வழிச் சாலைக்கு அந்தப் பக்கம். இந்தப் பள்ளி இல்லையென்றால் பதினாறு பேரும் மறுபடி குவாரிக்கும் ரோஜாத் தோட்டத்துக்கும்தான் போவார்கள். அங்கீகாரம் எனக்குச் சுவரில் மாட்டும் காகிதமாகத் தெரியவில்லை. காவேரியின் இன்னொரு காலாகத் தெரிந்தது.

முதல் ஆய்வில் கட்டட உறுதிச் சான்று, குடிநீர்ச் சான்று எல்லாம் சரியாகவே இருந்தன. தீயணைப்பான் கூட வாங்கி மாட்டியிருந்தேன். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், பிள்ளைகள் உள்ளே சிக்கிக்கொள்ளாமல் இருக்கத் தாழ்ப்பாள் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். தச்சரைக் கூப்பிட்டு அப்படியே மாற்றினேன். அபாய மணிக்குப் பழைய இரும்புக் கடையில் ஒரு தண்டவாளத் துண்டு வாங்கித் தாழ்வாரத்தில் தொங்கவிட்டேன். அதை ஒருமுறை அடித்துப் பார்க்கத்தான் எனக்குத் தோன்றவில்லை. அதிகாரி மேடம் தன் கையால் அடித்தபோதுதான் பிள்ளைகள் பள்ளியில் அந்தச் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டார்கள்.

தீ என்றால் வெளியே ஓட வேண்டும். என் பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? தாழ்வாரத்தில் விளையாடிக்கொண்டிருந்தவர்களும் உள்ளே ஓடிவந்தார்கள். பதினாறு பேரும் பின்சுவரை ஒட்டிக் குப்புறப் படுத்துக்கொண்டார்கள். ஒரு சத்தம் இல்லை. மேடம் என்னைப் பார்த்தார். நான் தீயணைப்பானைப் பார்த்தேன்.

மாரியம்மாதான் விளக்கினாள். "எங்க ஊர்ல ஆனெ வந்தா இரும்புத் தட்டு அடிப்பாங்க மேடம். அந்தச் சத்தம் கேட்டா உள்ள போயிப் படுத்துக்கணும். பேசக் கூடாது. கைப்புள்ளயிலருந்து பழக்கம்."

"அது சரிம்மா. ஆனா தீப்பிடிச்சா இப்படிப் படுத்துக்கிட்டா என்ன ஆவும்?" என்று கேட்டார் மேடம். நியாயமான கேள்விதான். கடுமையானவர், ஆனால் கெட்டவர் இல்லை. எனக்கு அன்று அப்படித் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றல் கிடைக்கட்டும் என்று முருகனிடம் ஒரு வாரம் மனுப் போட்டேன்.

மறுநாளே பழக்க ஆரம்பித்தேன். பொட்டுக்கடலையும் வெல்லமும் சேர்த்து உருண்டை பிடித்து, வேப்பமரத்தடியில் ஒரு தாம்பாளத்தில் வைப்பேன். மணி அடிப்பேன். வெளியே ஓடிவரும் பிள்ளைக்கு உருண்டை. முதல் இரண்டு நாள் யாரும் நகரவில்லை. மூன்றாம் நாள் ஒருவன் வந்தான். பத்தாம் நாள் பதினாறு பேரும் மணி அடித்த மாத்திரத்தில் மரத்தடியில் நின்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாரியம்மா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "டீச்சர், கோச்சிக்காதீங்க. இரும்புச் சத்தம் கேட்டா வெளிய ஓடுன்னு பழக்கறீங்களே. நாளைக்கு ஊர்ல நெசமா தட்டு அடிச்சா இதுங்க எங்க ஓடும்? என் மாமனார ஆனெ மிதிச்சது உங்களுக்குத் தெரியுமில்ல?"

"உனக்கு லைசென்ஸ் வேணுமா, வேண்டாமா? அதை முதல்ல சொல்லு," என்றேன் நான். அவள் சமையல் கட்டுக்குப் போய்விட்டாள். அப்போதே என் நாக்கை யாராவது கட்டிப் போட்டிருக்கலாம்.

பதினைந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. விடியுமுன் எழுந்து, குளித்து, விளக்கேற்றி, முருகன் படத்தின் முன் நின்றேன். என் வேண்டுதல் எப்போதுமே கொஞ்சம் நீளம். இன்ன நேரத்துக்கு இன்னது நடக்க வேண்டும், இப்படி நடக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்வேன். "முருகனுக்கே ஷிப்ட் போட்டுக் குடுக்குற ஆளு நீ," என்று கணவர் கேலி செய்வார். அன்றும் சொன்னேன். "அப்பா, மணி அடிச்சதும் பதினாறு பேரும் வெளிய வந்துரணும். ஒரு பிள்ளை பிசகக் கூடாது. வந்துட்டா உனக்குப் பால்குடம் எடுக்கேன்."

பள்ளிக்குப் போய்த் தரையெல்லாம் பினாயில் போட்டுத் துடைத்தேன். அன்றைக்கு உருண்டை கூடுதலாகவே பிடித்திருந்தேன். மரத்தடியில் தாம்பாளத்தை வைத்தேன். வானம் மூடியிருந்தது. சுற்று வட்டாரம் முழுக்க ராகி அறுவடைக் காலம். பத்தரை மணிக்கு மேடம் வந்தார். கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். தாழ்ப்பாள் இல்லை, சரி. பிறகு தாழ்வாரத்தில் நின்று மணியை அடித்தார்.

பிள்ளைகள் எழுந்தார்கள். கதவு வரை வந்தார்கள். அங்கேயே நின்றுவிட்டார்கள்.

"போங்க மக்கா, வெளிய போங்க," என்றேன். முன்னால் நின்ற காவேரி நகரவில்லை. மேடம் இன்னொரு தடவை அடித்தார். பதினாறு பேரும் இரண்டடி பின்னால் போனார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. காவேரியின் கையைப் பிடித்து இழுத்தேன், உறவுகளே. இந்தக் கையால் இழுத்தேன். அவள் தரையில் உட்கார்ந்துகொண்டு, என்னை நிமிர்ந்து பார்த்து, மெதுவாகச் சொன்னாள்.

"டீச்சர், ஆனெ வாசன."

எனக்குப் பினாயில் வாசனைதான் வந்தது. அதற்குள் சமையல் கட்டிலிருந்து மாரியம்மா ஓடிவந்தாள். வெளியே ஒரு பார்வை பார்த்தாள். அதிகாரி என்றும் பார்க்காமல் மேடத்தின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். சாத்துவதற்கு முன் நானும் பார்த்துவிட்டேன். வேப்பமரத்துக்குப் பின்னால் மழைமேகம் என்று நினைத்திருந்தது நகர்ந்தது. ஒற்றைக் கொம்பன்.

கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. நான்தான் எடுக்க வைத்தேன். மாரியம்மா கைப்பிடியைப் பற்றினாள். அவள் கைமேல் நான் பிடித்தேன். என் கைமேல் மேடம் பிடித்தார். மூன்று பெண்களின் பலம் ஒரு யானைக்கு என்ன கணக்கு? இருந்தாலும் பிடித்துக்கொண்டோம்.

கதவிடுக்கில் எல்லாம் தெரிந்தது. அது நேராகத் தாம்பாளத்துக்குத்தான் வந்தது. வெல்லம் அல்லவா? பிள்ளைகளை வெளியே இழுக்க நான் வைத்த உருண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றது. மரத்தடியில், என் பதினாறு பேரும் நிற்க வேண்டும் என்று நான் காலையில் வேண்டிக்கொண்ட அதே இடத்தில் அது நின்றது. என் வேண்டுதல் பலித்திருந்தால், அந்த நிமிடம் அங்கே என்ன நடந்திருக்கும்? இன்றைக்கும் அதை முழுதாக நினைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

உருண்டை தீர்ந்தது. அது தாழ்வாரத்துக்கு வந்தது. மூச்சு விடும் சத்தம் கேட்டது. தும்பிக்கை எதையெதையோ தடவிப் பார்த்தது. தண்டவாளத் துண்டில் பட்டது. மணி அடித்தது.

நான் கற்றுக்கொடுத்த மணி. கேட்டதும் வெளியே ஓடு என்று பத்து நாள் வெல்லம் கொடுத்துப் பழக்கிய மணி. ஒரு பிள்ளை எழுந்து ஓடிவந்தால் போதும். எத்தனையோ வருடமாகத் தினம் பாடும் பாட்டில் ஒரு வரி கூட எனக்கு நினைவுக்கு வரவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன். "முருகா, நான் சொல்லிக் குடுத்ததை இதுக மறந்துபோகட்டும்."

திரும்பிப் பார்த்தேன். பின்சுவரை ஒட்டிப் பதினாறு பேரும் குப்புறப் படுத்திருந்தார்கள். இரண்டரை வயதுக் குழந்தை கூட விரலைச் சூப்பிக்கொண்டு படுத்திருந்தது. ஓர் அழுகை இல்லை, ஓர் இருமல் இல்லை. எத்தனையோ கோயில்களில் நின்றிருக்கிறேன். அப்படி ஓர் அமைதியை எங்கும் கண்டதில்லை. முருகன் அந்தக் கூடத்துக்குள் இருந்தான். இதை நான் எந்தச் சந்நிதியிலும் சத்தியம் செய்து சொல்வேன். யானையைச் சாமி என்று நான் சொல்ல மாட்டேன். மாரியம்மாவின் மாமனாரை மிதித்ததும் ஒரு யானைதான். அந்தப் பிள்ளைகளை அசையாமல் பிடித்து வைத்திருந்தானே, அவனைத்தான் சொல்கிறேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தூரத்தில் வனத்துறை ஆட்கள் வெடி போட்டார்கள். அது திரும்பிக் காட்டுப் பக்கம் நடந்தது. மாரியம்மா இன்னும் கொஞ்ச நேரம் யாரையும் எழ விடவில்லை. கடைசியில் கதவைத் திறந்தபோது மேடத்தின் விரல்களை என் கையிலிருந்து நான்தான் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. நான் மாரியம்மாவின் காலில் விழப் போனேன். "இன்னா டீச்சர் இது," என்று தூக்கி நிறுத்தினாள். அவள் தோளில் சாய்ந்து நன்றாக அழுதேன். காவேரியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். இழுத்த கையை அவள் மறந்துபோயிருந்தாள். உருண்டை மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள்.

மேடம் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். பிறகு தன் படிவத்தை எடுத்தார். இனி என்ன கேட்பார் என்று எனக்குத் திக்கென்றது. அவர் என்னைக் கேட்கவில்லை, மாரியம்மாவைக் கேட்டார்.

"உங்க ஊர்ல தீப்பிடிச்சா என்னம்மா பண்ணுவீங்க?"

"இரும்பு தொட மாட்டோம் மேடம். கூவுவோம். கூவுனா எல்லாம் வீட்ட விட்டுப் பாறைக்கு ஓடிருவாங்க. புள்ளைங்களுக்கும் தெரியும்."

மேடம் படிவத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார். "எச்சரிக்கை ஒலி வேணும்னுதான் போட்டிருக்கு. அது கூவலா இருந்தா என்ன? ஆனா நான் பாக்காம கையெழுத்துப் போட மாட்டேன். புதன்கிழமை வரேன். கதவுக்கு உள்பக்கம் பெரியவங்க கைக்கு எட்டுற மாதிரி ஒரு குறுக்குக் கட்டை போட்டு வைங்க." வண்டியில் ஏறுமுன் என்னிடம் திரும்பி, "உருண்டை வெக்காதீங்க," என்றார். அன்று நாங்கள் சிரித்தது அப்போதுதான்.

புதன்கிழமை வந்தார். மாரியம்மா வாசலில் நின்று ஒரு கூவல் கூவினாள். யாரும் பழக்கவில்லை, யாரும் வெல்லம் கொடுக்கவில்லை. பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளைக் கைப்பிடித்துக்கொள்ள, பதினாறு பேரும் பள்ளிக்கு எதிரே இருந்த பாறைமேல் போய் நின்றார்கள். மேடம் தலைகளை எண்ணினார். அங்கேயே பாறைமேல் படிவத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். தை மாதம் அங்கீகாரம் வந்தது. தண்டவாளத் துண்டை இறக்கிக் குடியிருப்புக்கே கொடுத்துவிட்டேன். யானை வந்தால் இப்போது அதைத்தான் அடிக்கிறார்கள்.

பால்குடம் எடுத்தேன். கேட்டது நடக்கவில்லையே, பிறகு எதற்குப் பால்குடம் என்றார் கணவர். அதற்குத்தான் என்றேன். மாரியம்மாவிடம் கேட்காமல் இப்போது நான் பிள்ளைகளுக்கு ஒன்றும் கற்றுக்கொடுப்பதில்லை.

என் உறவுகளே, வேண்டியும் கிடைக்கவில்லை என்று மனம் கசந்து இதைப் படிப்பவர்கள் உங்களில் யாராவது இருப்பீர்கள். அந்தக் கதவருகில் நானும் அப்படித்தான் நின்றேன், கோபத்தோடு, ஒரு குழந்தையின் கையை இழுத்துக்கொண்டு. கொஞ்சம் பொறுங்கள். மரத்துக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று உங்களுக்கும் எனக்கும் தெரியாது. அவனுக்குத் தெரியும். கேட்பதை விடாதீர்கள். நானும் விடவில்லை. தினமும் விளக்கேற்றி, பழையபடி பெரிய பட்டியலாகவே கேட்கிறேன். முடிக்கும்போது ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்: "முருகா, நான் கேட்டது தப்பா இருந்தா, அந்தப் பிள்ளைக மாதிரி நீயும் என் பேச்சைக் கேக்காதப்பா."