அக்கா குடிக்காத தேத்தண்ணி

ஐம்பதுகளின் கடைசியில், இலங்கை மலைநாட்டில் டிக்கோயா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நாளெல்லாம் கொழுந்து பறித்த என் அக்கா, ஒரு மிடறு தேத்தண்ணிக்குப் பயந்தாள். தலைப்பிரசவத்தில் மூன்று நாள் தொழிலாளர் லயத்து அறையில் வலியோடு கிடந்தாள். பிள்ளை செத்துப் பிறந்தது. அன்றிலிருந்து சிறுநீர் நிற்காமல் ஒழுகியது. குடித்தால் இன்னும் ஒழுகும் என்று தொண்டையைக் காயவிட்டாள். தாய் வீட்டுக்குப் போன புருஷன்காரன் திரும்பவேயில்லை. நன்றாக இருக்கட்டும் மகராசன்!

மழை மாதங்களில் பிழைத்தாள். எல்லோர் இடுப்பிலும் கட்டிய படங்குச் சாக்கு நனைந்திருக்கும். அவளுடையதை யார் பார்க்கப்போகிறார்கள்? வெயில் வந்தால் கடைசி நிரையில் தனியாக நின்று பறிப்பாள். அப்படியும் அவள் கூடை குறைந்ததில்லை.

பெரியாஸ்பத்திரிக்குப் போகத் தோட்டத்து டாக்டரையா துண்டுச் சீட்டு எழுதித் தரவேண்டும். ஆம்பிளையிடம் இதையெல்லாம் சொல்வதா? அக்கா தலைகுனிந்து நிற்க, நான்தான் முந்திக்கொண்டு, "வயித்து வலிங்க ஐயா" என்பேன். அவரும் வயிற்று வலி மருந்தைப் போத்தலில் ஊற்றித் தருவார். ஒரு தடவையா, இரண்டு தடவையா? நான்கு வருடம்! வெட்கமாம், வெட்கம். என் வாயில் கொள்ளியை வைக்க.

ஒரு நாள் காலைப் பெரட்டில், வேலை பிரிக்கும்போது, கங்காணி மூக்கைப் பொத்திக்கொண்டு, "நீ அந்தப் பக்கம் தள்ளி நில்லு" என்றார். அக்கா தள்ளவில்லை. சுகமில்லாதவர்களைப் பார்க்க வந்திருந்த டாக்டரையா முன்னால் நேராகப் போய் நின்றாள்.

"ஐயா, எனக்கு வயித்து வலி இல்லீங்க. புள்ள பெத்ததுலருந்து மூத்திரம் நிக்காம ஒழுகுது. நாலு வருசமாச்சு. துண்டு குடுங்க."

சுற்றிலும் அத்தனை ஆம்பிளைகள். நான் மண்ணைப் பார்த்தேன். அவள் அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே தாயி" என்றவர், அங்கேயே எழுதிக் கொடுத்தார். அந்தத் தைரியம் எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது.

கண்டியில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, உள்ளே கிழிந்த இடத்தைத் தைக்கலாம் என்றார். "ஏன் இவ்வளவு நாள் வரல்ல?" என்றும் கேட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "வழி தெரியலீங்க" என்றாள்.

தைத்த இடம் ஆறி, சில வாரங்கள் கழித்து வீடு திரும்பும்போது, அட்டனில் பஸ்ஸுக்கு நின்றோம். கடையில் ஒரு தேத்தண்ணி வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள்.

பழைய நினைப்பில், "பஸ்ஸுல போகணுமேக்கா" என்றேன்.

"அதுக்கென்னடி? இன்னொண்ணு சொல்லு."

கடைக்காரரைக் கூப்பிட வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.