நான்கு வாலட்டும் ஒரு கம்ப்யூட்டரும்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ‘லேபிள் அக்கா’ என்று பெயர். குழாயில் பெயர் ஒட்டாமல் ஊசியைக் கையில் எடுக்க மாட்டாள். அம்மா போன பிறகு வீட்டுப் பொறுப்பெல்லாம் அவள் தலையில் விழுந்தது. குடும்பத்தின் கிரிப்டோ சேமிப்பும் அப்படி வந்து சேர்ந்ததுதான். அப்பாவின் ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதி, தங்கை வீடு வாங்கச் சேர்த்தது, தம்பியின் சம்பள மிச்சம், பிறகு அவளுடையது. சாப்பாட்டு மேசை ஓரத்துக் கம்ப்யூட்டரில் நான்கு பேருக்கும் தனித்தனி வாலட் என்ற டிஜிட்டல் பணப்பை, தனித்தனி பெயர், தனித்தனி நிறம். ஒருவர் பணம் இன்னொருவர் கணக்கில் ஒரு நாளும் ஏறியதில்லை.

வேலை கிடைத்து வெளியூர் கிளம்பிய தம்பி, தன் வாலட்டைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். புதுப் போனில் அதைத் திறக்கச் சாவியாக உதவும் பன்னிரண்டு சொற்களை அவள் எழுதிக் கொடுத்தாள். அப்பாவின் ஸ்கூட்டரை விற்றுச் சீட்டாடித் தொலைத்தவன் அவன். “அவன் காசு, அவன் பாடு” என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த மாதம் தங்கையும் கேட்டாள். “எனக்கும் எழுதிக் குடு. எதுக்கெடுத்தாலும் உன்கிட்டயே வந்து நிக்க வேண்டியிருக்கு.”

தங்கையின் வாலட்டைத் திறந்து எழுதத் தொடங்கியவளின் பேனா மூன்றாவது சொல்லில் நின்றது. தம்பிக்கு எழுதிய அதே சொற்கள், அதே வரிசையில். அப்பாவுடையதைத் திறந்தாள். அதுவும் அப்படியே. முதல் வாலட்டைத் தொடங்கிவிட்டு மற்றவற்றை அதற்குள்ளேயே சேர்த்திருக்கிறாள். ஒரே கையில் எடுத்த ரத்தத்தை நான்கு குழாய்களில் ஊற்றி, நான்கு பேர் பெயரை ஒட்டியிருக்கிறாள். ஒரு மாதமாக எல்லோருடைய சாவியும் தம்பி கையில்.

இருப்பைப் பார்த்தாள். ஒரு காசும் நகரவில்லை. அவனைப் போனில் கூப்பிட்டாள்.

“டேய், உன் போன்ல எத்தனை வாலட் தெரியுது?”

பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. “நாலு.”

“எப்ப பாத்த?”

“திறந்த அன்னைக்கே.”

“சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா? திருடனே வந்து பூட்டு சரியில்லைங்கறான் பாருன்னு அப்பா சிரிப்பாரு.”

அவள் சிரிக்கவில்லை. “மத்ததை வேற வாலட்டுக்கு மாத்தப் போறேன்டா. உன்னை நம்பாம இல்ல…”

“மாத்திடுக்கா. இப்பவே.” அவன் குரல் தாழ்ந்தது. “போன வாரம் ஆட்டத்துக்குக் கூப்பிட்டாங்க. போகல. ஆனா போனைக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்.”

போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள். அப்பாவுக்குப் புது வாலட், புதுச் சொற்கள். பிறகு தங்கைக்கு. ஒவ்வொன்றும் காலியாவதை அவன் அங்கிருந்தே சொன்னான்.

“அப்பாவோடது போயிடுச்சு… சின்னக்காவோடதும் போயிடுச்சு. உன்னுது இன்னும் இருக்கே?”

“அது இருக்கட்டும்டா.”

“வேணாம்க்கா” என்றான். “அதையும் எடுத்துடு.”

எடுத்தாள்.